அரளியா, ஆவாரையா?

ஆம்பூர் ஸ்டேஷன் மாஸ்டர் ஆதிகேசவனுக்கு அரளி; ஆலங்காயத்துக்காரியான மனைவி தேவகிக்கு ஆவாரை. கோடையில் சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் ஆடியில் எந்தச் செடி செழித்து நிற்கிறதோ, அதற்கே வாசல் தோட்டம் முழுவதும் என்று பந்தயம்.

சித்திரையில் ஒருநாள் காலை ஆவாரை வெட்டப்பட்டு, அடிக்கட்டை மட்டும் மிச்சமிருந்தது.

"தோல் பதனிடறவனுங்க பட்டைக்கு வெட்டிக்கினு போய்ட்டானுங்க! உன் செடி காலி. என் அரளியை எவன் தொடுவான்?" மீசையை முறுக்கினார் ஆதிகேசவன்.



ஆடி மழைக்குப் பிறகு அரளியில் நாலைந்து பூக்கள். ஆவாரையோ வெட்டிய கட்டையிலிருந்து புதராய்க் கிளைத்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது.

"தோத்துட்டேன், தேவகி. வெட்டினவன் மட்டும் கையில கிடைச்சான்னா, பெரிய கும்பிடா போடணும்!"

தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றாள் தேவகி.

"வெட்டினாதான் ஆவாரை ஜாஸ்தி துளிர்க்கும். எங்க ஊர்ல வருஷா வருஷம் வெட்டுவோம். இங்க வெட்டினதும் நான்தான். உம், போடுங்க கும்பிடு!"