நாகஜோதியின் எஃகுக் கூடு

எண்ணெய்க் குழாய்களின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு எஃகில் கூடு வடிவமைப்பதுதான் பரவை ஊரிலுள்ள பட்டறையில் நாகஜோதியின் வேலை. அதுவரை அவள் வரைந்து கொடுத்த கூடுகளெல்லாம் சோதனையில் கசிந்துவிட்டன.

"இதுவும் போச்சுன்னா வெளியூர்லயே வாங்கிக்கிருவோம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இந்தமுறை அவள் திருகி மூடும் மரையை மட்டும் நம்பாமல், உள்ளே கூம்பாக ஒரு விளிம்பு வைத்திருந்தாள். அழுத்தம் கூடக்கூட அது இன்னும் இறுகிப் பிடிக்கும்.

பம்பை இயக்கும் அழகுபாண்டி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனான். சென்சாரின் திரையில் அழுத்தம் அறுநூறு 'பார்' என்று காட்டியது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"செயிச்சுப்புட்டீங்கக்கா!" என்று கத்தினான். பட்டறையே கைதட்டியது. முதலாளி எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். நாகஜோதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அழகுபாண்டி எண்ணெயை வடித்துவிட்டுக் குழாயைக் கழற்றினான். கூடு எண்ணெயின்றிக் காலியாக மேசைமேல் கிடந்தது. உள்ளிருந்த சென்சாரிலிருந்து திரைக்குப் போகும் ஒயர் மட்டும் இருந்தது. எண் பூஜ்யத்துக்கு வந்தது. பிறகு மெல்ல ஏறி இறங்கியது.

"அக்கா, நீங்க சிரிக்கிறப்பல்லாம் நம்பர் ஆடுது."

நாகஜோதி மூச்சை அடக்கினாள். எண் அசையாமல் நின்றது. மூச்சை விட்டாள். எண் இறங்கியது.

அவளுக்குப் பயம் வரவில்லை. நிமிர்ந்து நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். எண் நூற்றைத் தாண்டியது, முந்நூற்றைத் தாண்டியது, அறுநூற்றில் போய் நின்றது.

அவள் மூச்சு கூட்டுக்குள்தான் போகிறதோ என்று அழகுபாண்டி குனிந்து அதைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தான்.

"கசியலக்கா" என்றான்.