நேய்சா வைத்த கல்

மலைமேல் இருக்கும் எல் ஆல்ட்டோ நகரத்து நெடுஞ்சாலையில் காலை வெயில் கண்ணைக் குத்துகிறது, செல்லங்களா; மூச்சு மட்டும் இன்னும் புகையாகத்தான் வருகிறது. சாலையின் குறுக்கே மறியல்காரர்கள் அடுக்கிய நீளமான கல் வரிசை. அதன் முன்னால் நேய்சா நிற்கிறாள், பொருளாதாரத்தில் முதுகலை படிக்கிறவள். பத்து மணிக்குக் கீழே லா பாஸ் நகரில் அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. மறியலால் ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போனது. இன்றும் தவறினால் பட்டம் கிடையாது. மார்போடு அணைத்திருக்கும் அந்த ஏட்டின் தலைப்பே 'சாலை மறியலால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பு'. காவலிருக்கும் எவுலோகியா மென்றுகொண்டிருந்த கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறாள். "நடந்து போறவங்க போலாம் தங்கச்சி. ஆளுக்கொரு கல்லு வச்சுட்டுப் போகணும், அதான் வழக்கம்." "ஐயோ அக்கா, இதை எதிர்த்து இருநூறு பக்கம் எழுதியிருக்கேன்!" "அவ்வளவா? அப்ப ரெண்டு கல்லா வை." வறுத்த சோளம் கொறித்துக்கொண்டிருந்த பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். நேய்சா பல்லைக் கடிக்கிறாள். ஏட்டைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கல்லைத் தூக்கி வரிசையின் மேல் பொத்தென்று போடுகிறாள். அது ஆடுகிறது. நாலு எட்டு ஓடியவள் நின்று திரும்பிப் பார்க்கிறாள், இன்னும் ஆடுகிறது. "சே!" என்று திரும்பி வந்து, சின்னக் கல் ஒன்றை அடியில் செருகி, அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்று உறுதியான பிறகே ஓடுகிறாள். "ரெண்டாச்சு!" என்று எவுலோகியா பின்னாலிருந்து கத்துகிறாள்.