ஓட்டக்காரியின் நோன்பு

ரமலான் பெருநாளுக்கு மறுநாள். மொராக்கோவின் இஃப்ரான் மலைச்சாலையில் ஓடிவந்த ஷைமா, வீட்டு வாசலிலேயே சுருண்டு விழுந்தாள்.

பயிற்சியாளர் நஜாத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தேசிய அணித் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

"என்னடி இது? மாதவிலக்குக்கு முந்தின வாரம், ஓடும்போது உடம்பு கொழுப்பை நல்லா எரிக்கும், நெடுந்தூரம் தாங்கும். ரமலான் முதல் வாரம் வந்துச்சுன்னு நீ சொன்னதை நம்பித்தானே, இது அந்த வாரம்னு கணக்குப் போட்டு இன்னைக்கு இவ்வளவு தூரம் ஓடவிட்டேன்!"

"இன்னொரு தடவை ஓடுறேன், கோச். என்னைக் கழிச்சுக் கட்டிடாதீங்க," என்று கெஞ்சினாள் ஷைமா.

அவளுடைய அம்மா புதினாத் தேநீரோடு ஓடிவந்தாள்.

"பிள்ளையைத் திட்டாதீங்கம்மா, நோன்பு வச்சுக் களைச்ச உடம்பு. அந்த நாள் வந்தா நாமெல்லாம் நோன்பை விட்டுட்டு, அப்புறம்தானே வச்சு ஈடு கட்டுறோம்? என் மக ரமலான் பூரா ஒரு நோன்புகூட விடல! போன வருஷமும் அப்படித்தான். தெருவே மூக்குல விரலை வைக்குது."

நஜாத் தேநீரை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். எலும்பு துருத்திய ஷைமாவின் தோளைப் பற்றினாள்.

"அப்ப, மாசாமாசம் எனக்குச் சொன்ன தேதியெல்லாம்?"

ஷைமா நிமிரவில்லை.

"நின்னுபோச்சுன்னு சொல்லியிருந்தா ஓட விட்டிருப்பீங்களா, கோச்?"