இடது பக்கச் சத்தம்

"வேண்டாம்க்கா. சொன்னா கேளுங்க, வேண்டாம்."

ஜுமாதில் இப்படிச் சொல்வது மூன்றாவது தடவை. மலையடிவார ஊரான கோச்கோரின் சந்தையில் இருபது வருஷமாக அவன் மெக்கானிக். வந்த வேலையை வேண்டாமென்று மன்றாடியது அன்றைக்குத்தான்.

எதிரே ஐம்கான் நின்றாள். மலைமேலிருந்து பால் வாங்கிவந்து ஊருக்குள் விற்கிறவள். அவளுடைய சைடுகார் பைக்கின் ஐம்பது வயசு எஞ்சின், தரையில் விரித்த துணியில் நட்டு நட்டாகப் பிரிந்து கிடந்தது.

பிஸ்டன் போச்சு, கிராங்க் போச்சு, பேரிங் பொடிப்பொடி. இதை மறுபடி எழுப்ப ஒரு நல்ல பசுவின் விலை ஆகும். இன்னும் கொஞ்சம் போட்டால் சீன மூணு சக்கர வண்டி புதுசாகவே வரும், பின்னால் பத்து பால் கேன் வைக்கலாம் என்று விரல் மடக்கிக் கணக்குச் சொன்னான்.

ஐம்கான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "எனக்கு இதுதான் வேணும் தம்பி. பசு ஒண்ணை வித்துட்டேன்" என்றாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் சந்தையில் பாதி அவன் பட்டறையில் கூடிவிட்டது. ஜுமாதிலுக்கு யார் குரலும் வரும். கிரீஸ் துணியை முக்காடாகப் போட்டு, இடுப்பில் கைவைத்து, "எனக்கு இதுதான் வேணும் தம்பி" என்றான். பிறகு எஞ்சினாகவே மாறி, 'டுக்-டுக்-டிக், டுக்-டுக்-டிக்' என்று இருமி இருமி, பெஞ்சில் விழுந்து உயிரை விட்டான். பார்ட்ஸ் கடை மாம்பெத்துக்குத் தேநீர் புரையேறியது.

"கறக்குற மாட்டை வித்துட்டு, கத்துற மாட்டை வாங்குது அந்தம்மா" என்றான் மாம்பெத்.

"கத்தாதுடா" என்றான் ஜுமாதில். "நான் கட்டுன எஞ்சின்ல ஒரே ஒரு டிக் கேட்டாலும், என் கல்பாக்கைக் கழட்டி உன் கையில குடுத்துடறேன்."

தலையிலிருக்கும் கல்பாக் தொப்பியை அந்த ஊரில் யாரும் விளையாட்டுக்குக்கூட அடுத்தவன் கையில் கொடுக்க மாட்டார்கள். மாம்பெத் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

மூன்று வாரம் உழைத்தான். எஞ்சினை எழுப்பியபோது, அடுப்போரம் படுத்த பூனை மாதிரி அது சுகமாக உறுமியது. ஜுமாதிலுக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

ஐம்கான் குனிந்து இடது பக்கம் காது வைத்துக் கேட்டாள். அவள் முகம் வாடிவிட்டது.

"இங்க டிக்-டிக்னு ஒண்ணு வருமே. காணோமே."

"அது வியாதிக்கா. வால்வைத் தட்டுற டாப்பெட் லூஸா இருந்துது. சரிபண்ணிட்டேன்."

"அதைத் திருப்பி வச்சிடு தம்பி."

வெட்டியெடுத்த கட்டியைத் திருப்பி வைக்கச் சொல்லும் நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி அவளைப் பார்த்தான். காரணம் சொல்லாமல் ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்றான். அவளோ, வேண்டுமானால் சைடுகாரில் ஏறு, ஆனால் மேலே போனதும் என் பேரைச் சொல்லக் கூடாது, நானும் வாய் திறக்க மாட்டேன் என்றாள்.

மேய்ச்சல் மேட்டு வளைவில் பெரியவர் சதர்குல் பால் கேனோடு நின்றிருந்தார். நெற்றியில் கைவைத்து, பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்கான் வண்டியை அவர் காலடியில் நிறுத்தினாள்.

பெரியவர் நேராக அவளைப் பார்த்தார்.

"யாருப்பா, வெளியூரா? பால் விக்கிறதுக்கு இல்ல. ஐம்கானுக்கு வச்சிருக்கேன். அவ வளைவுல திரும்பும்போதே அந்தச் சிவப்பு முக்காடு எனக்குத் தெரிஞ்சுடும்."

கைநீட்டினால் தொடும் தூரத்தில் சிவப்பு முக்காடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வழிப்போக்கன் ரொட்டி தொடாமல் போகக் கூடாதே. பெரியவர் பையிலிருந்து ரொட்டியைப் பிட்டு நீட்டினார், யாருமே இல்லாத பக்கம் பார்த்து.

ஜுமாதில் சைடுகாரிலிருந்து எட்டி, உடம்பை வளைத்து, அதை வாங்கிக்கொண்டான். வெளியூர்க்காரன் குரலில் நன்றி சொன்னான்.

மேடு மறைந்தபிறகுதான் ஐம்கான் பேசினாள்.

"அவருக்கு ரெண்டு வருஷமா கண்ணு சுத்தமா தெரியல. பசங்களுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மாடுங்களை வித்துட்டு, பிஷ்கெக் பட்டணத்துல நாலாவது மாடியில உக்கார வச்சிடுவாங்க. எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியாது. இந்த ரோட்டுல இதே மாதிரி வண்டி இன்னும் மூணு ஓடுது. சீன வண்டி எத்தனைன்னு நீயே எண்ணிக்க. அந்த டிக் சத்தம் ஒண்ணுதான் தம்பி என்னோடது."

ஜுமாதில் பட்டறைக்கு வந்ததும் இடது பக்க மூடியைக் கழற்றினான். டாப்பெட் திருகைக் கால் சுற்று தளர்த்தினான், கேட்டான், தலையாட்டினான். மறுபடி மயிரிழை இறுக்கினான். வியாதியைப் போக்க ஆனதைவிட, அதே வியாதியை அச்சு அசலாக வரவழைக்க அதிக நேரம் ஆனது. 'டுக்-டுக்-டிக்' என்று தானே வாயால் சொல்லிச் சொல்லி ஒத்துப்பார்த்தான்.

மறுநாள் காலை ஐம்கான் சந்தை நடுவே போனாள். டுக்-டுக்-டிக். டுக்-டுக்-டிக். கடைக்காரர் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாம்பெத் குதித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"என்ன உஸ்தா, ஒரு மாட்டு விலை செலவு வச்சு, ஒரு டாப்பெட் சரியா வைக்கத் தெரியலையா?"

இருபது வருஷத்தில் தன் வேலையில் ஒரு குறையை ஒப்புக்கொண்டறியாத ஜுமாதில், கல்பாக்கைக் கழற்றி மாம்பெத்தின் கையில் வைத்தான்.

"என்ன பண்றதுடா, எனக்குக் கண்ணு முன்ன மாதிரி தெரிய மாட்டேங்குது."