ரம்பம் போடாத மரம்

விழுந்து கிடந்த செஸ்ட்நட் மரத்தின் முறிவில் ஒரு சிராய்கூட இல்லை. கத்தியால் அரிந்தது போல வழுவழுப்பாக இருந்தது.

"ராத்திரி ரம்பம் போட்டிருக்கான். இவனைத் தவிர யாரு?" என்றார் ஞானதுரை. பக்கத்துத் தோட்டத்துச் சூசையின் மணிக்கட்டைப் போலீஸ் ஏட்டு இறுக்கிப் பிடித்திருந்தார். "நான் இல்லண்ணே" என்று சூசை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞானதுரையின் மனைவி பிலோமினா மெல்ல வந்து முறிவில் விரலை ஓட்டினாள். அந்த மரத்தை ஒட்டுக் கட்டியவள் அவள்தான்.

"ரம்பம் போட்டா தூள் கொட்டியிருக்கணுமே. எங்கங்க?"

ஏட்டு தரையைப் பார்த்தார். ஒரு துளித் தூள் இல்லை.

"இது ஒட்டுக் கட்டின அன்னிக்கு நான் சீவின வெட்டு. மேல வெச்ச கிளையும் அடிமரமும் பட்டையில மட்டும் ஒட்டியிருக்கு, உள்ள சேரவே இல்ல. எட்டு வருஷமா சும்மா ஒன்னு மேல ஒன்னு நின்னிருக்கு. காத்து தள்ளிடுச்சு."

"போன வருஷம் காய்ச்சுதேடி!"

"காய்க்கும். அதுல தான் ஏமாந்துட்டோம். இந்த ரகத்தோட கொட்டையையே முளைக்க வெச்சு அதுல ஒட்டலாம்னேன். அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னீங்க. சூசை தோட்டத்துக் கொட்டையில வந்த கன்னு தான் கையில இருந்துச்சு. ரகம் வேறன்னு தெரிஞ்சே நானும் கட்டிட்டேன்."

ஏட்டு கையை விட்டார். சூசை நகரவில்லை. வருஷா வருஷம் ஞானதுரை கிள்ளி எறிந்தும், அடிமரத்தில் சூசை மரத்துத் துளிர் இரண்டு எட்டிப் பார்த்தன.

பிலோமினா இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"இந்தத் துளிரை வெட்டணும்னா இப்பவே வெட்டிடுங்க. விட்டா சூசை மரமா தான் வளரும். இன்னொரு ஒட்டுப் போட எனக்குத் தெம்பில்ல."

அவர் கத்தியை வாங்கிக்கொண்டு குனிந்தார். சூசை மணிக்கட்டைத் தேய்த்தபடி கத்தி பிடித்த அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.