காலிக் கட்டம்

பதிவு செய்ய அரசாங்கம் கொடுத்திருந்த தொண்ணூறு நாட்களில் எண்பத்தொன்பது போய்விட்டன. தொண்ணூறாவது நாளிலும் இனி ஒரு மணி பத்து நிமிடம்தான் பாக்கி.

அப்பாவின் படிவத்தில் முதல் கட்டம் மட்டும் இன்னும் காலி.

இரண்டிலிருந்து நாற்பத்தொன்று வரை நான்தான் நிரப்பினேன். ஆவணம் இல்லாமல் இந்த நாட்டுக்குள் வந்த தேதி, குடியிருந்த அறைகள், பார்த்த வேலைகள். எல்லாவற்றுக்கும் சான்று வைத்திருக்கிறேன். இன்று பதிந்துவிட்டால் அப்பா இங்கே இருக்கலாம், ஐந்து வருடத்தில் குடியுரிமை கேட்கலாம். பதியாமல் நாளை பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் கட்டம், பெயர்.

"அதை நான் எழுதிக்கிறேம்மா" என்று அவர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

அப்பாவுக்குப் பெயர்கள் நிறைய. வாடகை அறையில் ஒன்று, ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்று. தெருவில் வெல்டர். பெரியப்பாவுக்குச் சின்னவன். என் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது. என் இனிஷியலும் அவளுடையதுதான். நிஜப் பெயர் எது என்று சின்ன வயதில் கேட்டால், "அப்பாங்கிறது போதாதா?" என்பார்.

போதுமாகத்தான் இருந்தது.

பெரியப்பா எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார். குடியுரிமை உள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. அந்தப் பழைய நீலக் கோட்டைப் போட்டு வந்திருக்கிறார். பொத்தான் வயிற்றைத் தாண்டி வரவில்லை.

அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் தம்பி இருவருக்கும் அப்போது ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே கோட்டு. முதலில் முறையாக வந்தது பெரியப்பா. ஒன்றரை வருடம் கழித்து, லாரியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அப்பா. பெரியப்பாவுக்குப் பகல் வேலை, அப்பாவுக்கு இரவு வேலை. படிக்கட்டில் எதிர்ப்படும்போது கோட்டு கைமாறும்.

"அண்ணன் கழட்டிக் குடுப்பாரு பாரு, சூடு ஆறாம இருக்கும்" என்பார் அப்பா.

அதைக் கேட்கும்போதெல்லாம், ஒருமுறையாவது நானும் அந்தப் படிக்கட்டில் ஓரமாக நின்று பார்த்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா வீட்டில்தான் சாப்பாடு. டிவியில் அப்பாவைப் போன்றவர்களைப் பற்றி விவாதம் வந்தால் தட்டுக்கு முன்னாலும் ஒன்று தொடங்கும்.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்டா. வேலி தாண்டி வந்தவனுக்கு மாலை போட்டு வரவேற்கணும்னா, வரிசையில நின்னு வந்தவன் என்ன கேனையனா?"

"நீ நின்ன வரிசையைக் கொஞ்சம் காட்டேன்ணே. நானும் போய் நிக்கிறேன்."

பெரியம்மா சட்டென்று டிவியை அணைப்பாள். பெரியப்பா பேச்சை விட்டுவிட்டு, அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பார்.

பெரியப்பாவின் மளிகைக் கடைச் சுவரில் அவருடைய முதல் வேலை அனுமதி சட்டமிட்டு மாட்டியிருக்கும். தொழில்: வெல்டர். அவருக்கோ தீப்பொறி என்றாலே பயம். கடைக் கதவின் கீல் விட்டுப்போனாலும் அப்பாதான் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

"பெரியப்பாவும் வெல்டரா?" என்று ஏழு வயதில் கேட்டேன்.

"ஆமா, இவரு வாயாலயே பத்த வைப்பாரு" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடப் போனார்.

அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்த நாளும் நினைவிருக்கிறது. மண்டபத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த அப்பா பாதி எழுந்துவிட்டார். பிறகு கால்சட்டையைச் சரிசெய்வதுபோல் செய்து, உட்கார்ந்து, எல்லோரையும்விட நீளமாகக் கைதட்டினார். அண்ணன்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசை நகர்ந்தது. கவுன்டர் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு: பொய்த் தகவல் தந்து பெற்ற எந்த உரிமையும் ரத்து செய்யப்படும். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

படிவத்தை வாங்கிய பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் கட்டம் காலியா இருக்கே. பிறப்புச் சான்றிதழ்ல இருக்கிற பேரை அப்படியே எழுதுங்க. கம்ப்யூட்டர்ல தேடிப் பார்ப்போம்."

அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள் உண்டு. என்னிடம்கூட அதைப் பிரித்துக் காட்டியதில்லை.

பேனாவைத் திறந்தார். கண்ணாடியில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். படிவத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தார்.

"வாம்மா, போலாம்."

"அப்பா, இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்ப்பா."

"இருபத்தாறு வருஷம் ஓடலையா? இதுவும் ஓடும்."

பெரியப்பா கோட்டைக் கழற்றினார். கை சிக்கிக்கொண்டது, இழுத்து எடுத்தார். அப்பாவின் தோளில் அதைப் போர்த்திவிட்டு, அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கி மேசைமேல் வைத்து நீவினார்.

"அண்ணே, வேணாம். சொன்னா கேளு."

"நீ சும்மா இருடா."

தன் குடியுரிமை அட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். கவுன்டர்ப் பெண்ணிடம்தான் பேசினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வெல்டிங் பரீட்சையில பாஸானது இவன். வேலை உத்தரவும் இவனுக்குத்தான் வந்துச்சு. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு என் கையில குடுத்து அனுப்பிட்டான்." அவர் குரல் ஞாயிற்றுக்கிழமைக் குரலாக இல்லை. "இந்த அட்டையில இருக்கிறது என் பேரு இல்லம்மா. இவன் பேரு."