முழுசா ஆடிப் பார்த்த விமர்சனம்

“அஞ்சுக்கு ஒண்ணு. கிழிச்சுத் தொங்கவிட்டுட்டேன்!” என்று மடிக்கணினியை மூடினான் கணவன். புதிதாக வரும் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதி மார்க் போடுவதுதான் அவன் வேலை.

“முழுசா ஆடினீங்களா?” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“பின்னே? ஆடாமலா எழுதுவேன்?”

“கடைசி ஸ்டேஜ்?”

“சுத்த இழுவை. கொட்டாவிதான் வந்துச்சு. கதை எழுதினவன் வேற பொழப்பு பாக்கலாம்னு போட்டிருக்கேன்.”

“அதைப் பார்த்து ஒண்ணுமே தோணலையா?”

“தூக்கம்தான்.”

மடித்த துணிகளைப் பெட்டியில் அடுக்கி மூடினாள்.

“எங்கே கிளம்பிட்ட?”

“வேற பேர்ல அந்தக் கதையை எழுதினது நான்தான். கடைசி ஸ்டேஜ்ல வர்றது நம்ம வீடு. ‘என்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, இல்லேன்னா போயிடுவேன்’னு அழறது நான். வாயால சொன்னா நீங்க கேக்கல. ஆடியாவது புரிஞ்சுப்பீங்கன்னு நினைச்சேன்.”

எந்த கேமையும் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் ஆடியதே இல்லை. அந்தக் கடைசி ஸ்டேஜைப் பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டால் போதும், அவள் நின்றுவிடுவாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அந்த டயலாக்கும் கொஞ்சம் ஓவர்தான்” என்றான்.